நியூயார்க் மேயரின் குற்றவியல் நீதி அலுவலகத்தில் அரசு உறவுகள் இயக்குநருக்கு என்னதான் வேலை?

பொதுக்கொள்கையில் முதுகலை முடிக்கப்போகும் ஒருவர் கேட்டிருக்கிறார்: நியூயார்க் மேயரின் குற்றவியல் நீதி அலுவலகத்தில் அரசுகளுக்கிடையேயான உறவுகளைக் கவனிக்க ஓர் இயக்குநர் பதவி இருக்கிறதே, அவர் நாள் முழுக்க என்ன செய்வார்? பார்த்தால் லாபி வேலை மாதிரி, அதாவது சட்டம் எழுதுபவர்களைச் சந்தித்துத் தங்களுக்கு வேண்டியதைக் கேட்கும் வேலை மாதிரி தெரிகிறது. சட்டம் படிக்காதவர் அதற்கு முயலலாமா?

லாபி வேலையும் அதில் உண்டு, ஆனால் அது சிறு பங்குதான். மீதி என்ன என்று புரிய, முதலில் ஒரு கோர்ட் அறைக்குள் போய் உட்கார வேண்டும்.

மன்ஹாட்டனில் 100 சென்டர் ஸ்ட்ரீட் என்ற முகவரியில் கிரிமினல் கோர்ட் இருக்கிறது. கைதானவரைத் தக்க காரணம் இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நீதிபதி முன் நிறுத்தாமல் வைத்திருக்கக் கூடாது என்று மாநிலத்தின் உச்ச நீதிமன்றமாக உள்ள அப்பீல் கோர்ட் 1991-ல் சொல்லிவிட்டது. அதனால் இங்கே இரவு 1 மணி வரைகூட வழக்குகளைக் கூப்பிடுவார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அங்கே நிற்கிற ஒவ்வொருவருக்கும் சம்பளம் எங்கிருந்து வருகிறது, அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்று மட்டும் கவனியுங்கள்.

கைது செய்த போலீஸ்காரர் நகர ஊழியர். அவருடைய கமிஷனரை நியமிப்பவர் மேயர். குற்றச்சாட்டை எடுத்துச் சொல்கிற அரசுத் தரப்பு வக்கீல், மாவட்ட வழக்கறிஞரின் அலுவலகத்தைச் சேர்ந்தவர். நகரின் 5 பகுதிகளுக்கும் தனித்தனி மாவட்ட வழக்கறிஞர் உண்டு. 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேயர் அவருக்கு உத்தரவு போட முடியாது, ஆனால் அவர் அலுவலகத்துக்குப் பணம் நகர பட்ஜெட்டிலிருந்துதான் போகிறது. கைதானவருக்காக எதிர்த்தரப்பில் நிற்பவர் பெரும்பாலும் லீகல் எய்ட் சொசைட்டி போன்ற லாப நோக்கமில்லாத அமைப்பின் வக்கீல். அந்த அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்டுப் பணம் தருவது நாம் பேசுகிற இதே மேயர் அலுவலகம். மேடையில் உள்ள நீதிபதியை 10 ஆண்டுகளுக்கு நியமித்தவர் மேயராக இருக்கலாம், ஆனால் நியமித்த பிறகு மேயரின் பேச்சு அங்கே செல்லாது. அவருக்குச் சம்பளம் தருவது மாநிலம். ஓரமாக நிற்கிற கோர்ட் காவலரும் மாநில ஊழியர். கட்டடம் மட்டும் நகரத்தின் பொறுப்பு, ஏனென்றால் 1977-ல் நீதிமன்றச் செலவை மாநிலம் ஏற்றுக்கொண்டபோது கட்டடங்களை நகரத்திடமே விட்டுவிட்டது. இந்த வழக்கில் ஜாமீன் கேட்கலாமா கூடாதா என்ற சட்டம் 240 கிலோமீட்டர் தள்ளி, மாநிலத் தலைநகரான ஆல்பனியில் எழுதியது. ஜாமீன் கட்ட முடியாதவர் போகிற ரைக்கர்ஸ் தீவுச் சிறை நகரத்துடையது. தண்டனை ஓர் ஆண்டுக்கு மேல் என்றால் அவர் போவது மாநிலச் சிறைக்கு.

அந்த அறையில் யாருக்கும் யாரும் மேலதிகாரி இல்லை. ஆனாலும் ஒருவர் கை தாமதித்தால் மற்ற எல்லாருடைய வேலையும் நிற்கும். கம்பிக்குப் பின்னால் ஒருவர் காத்துக்கொண்டிருப்பார். இதை ஒருங்கிணைக்கத்தான் நகர சாசனத்தின் 13-ஆம் பிரிவு, குற்றவியல் நீதிக்கென்று ஓர் ஒருங்கிணைப்பாளர் பதவியை வைத்திருக்கிறது. மேயருக்கு ஆலோசனை சொல்வது, நீதித்துறை சார்ந்த பட்ஜெட் கோரிக்கைகளைப் பரிசீலிப்பது, துறைகளை ஒத்துழைக்க வைப்பது, இவ்வளவுதான் அதன் சாரம். உத்தரவு போடும் அதிகாரம் பெரிதாக எதுவும் இல்லை. அந்த அலுவலகத்துக்கும் நகர கவுன்சில், மாநிலச் சட்டமன்றம், வாஷிங்டன், நீதிமன்ற நிர்வாகம், மாவட்ட வழக்கறிஞர்கள் ஆகியோருக்கும் நடுவே போகிற கயிறுகளையெல்லாம் கையில் வைத்திருப்பவர்தான் நீங்கள் கேட்ட இயக்குநர். மேயருக்கு ஏற்கெனவே கவுன்சிலுக்கு, ஆல்பனிக்கு, வாஷிங்டனுக்கு என்று தனித்தனி உறவு அலுவலகங்கள் உண்டு. அவர்களுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும். தட்டிய பிறகு என்ன சொல்வது என்பதைத் தயார் செய்து கொடுப்பது இவர் வேலை.

என் கருத்தில் இந்த வேலைக்கு இரண்டே கருவிகள்தான்: காலண்டர், அப்புறம் பிறர் நம்பக்கூடிய எண்.

காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலத்தின் நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்குகிறது, நகரத்தின் நிதியாண்டு ஜூலை 1-ல். ஜனவரியில் மாநில ஆட்சியின் தலைவரான கவர்னர் தன் பட்ஜெட்டை வைப்பார். அதை வெறும் வரவு செலவுக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நியூயார்க்கில் பெரிய குற்றவியல் சட்டத் திருத்தங்கள் பல பட்ஜெட் மசோதாவோடு சேர்ந்தேதான் வருகின்றன. 2019-ல் ஜாமீன் சீர்திருத்தம் அப்படித்தான் வந்தது. 2020, 2022, 2023-ல் அதைத் திருத்தியதும் பட்ஜெட் வழியாகத்தான். ஜனவரி கடைசி, பிப்ரவரி வாக்கில் மேயர் ஆல்பனிக்குப் போய் மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளின் கூட்டுக் குழு முன் நகரத்துக்கு வேண்டியதைக் கேட்பார். கையேந்துபவரின் குவளையை நினைத்து, அங்குள்ளவர்கள் அந்த நாளைத் தகரக் குவளை நாள் என்றே சொல்வார்கள். மார்ச் நடுவில் செனட்டும் அசெம்பிளியும் தங்கள் தங்கள் பதில் பட்ஜெட்டை வெளியிடும். அதற்குப் பிறகு கவர்னரும் இரு அவைத் தலைவர்களும் மூடிய கதவுக்குள் பேசுகிறார்கள். மசோதா உறுப்பினர்களின் மேஜையில் 3 நாள் இருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் அவசரம் என்று கவர்னர் ஒரு குறிப்பு அனுப்பினால் அந்த 3 நாளும் போய்விடும். நள்ளிரவில் அச்சாகி விடியலில் நிறைவேறுகிற சட்டங்கள் உண்டு. ஆயிரக்கணக்கானவர்களின் சுதந்திரத்தைத் தொடுகிற சட்டத்தை இப்படி நிறைவேற்றுவது சரியே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் வேலையில் இருப்பவர் அதையே சொல்லிக்கொண்டிருக்க முடியாது. மார்ச் வரை காத்திருந்து பேசத் தொடங்கினால் கதை முடிந்தது. அக்டோபர், நவம்பரிலேயே கவர்னர் அலுவலக ஆட்களிடமும் குழுத் தலைவர்களின் உதவியாளர்களிடமும் போய், இதை இப்படி எழுதினால் நகரத்தில் இது இது நடக்கும் என்று ஒரு பக்கத்தில் கொடுத்திருக்க வேண்டும்.

கவுன்சில் இன்னொரு தாளம். 51 உறுப்பினர்கள், மார்ச்சிலும் மே மாதத்திலும் பட்ஜெட் விசாரணைகள், ஆண்டு முழுக்க மேற்பார்வை விசாரணைகள். விசாரணையில் முதலில் சாட்சியம் சொல்வது நிர்வாகத் தரப்பு. கேள்விகள் இரண்டு மூன்று மணி நேரம் போகும். தெரியாத கேள்வி வந்தால், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று அதிகாரி சொல்வார். அந்த வாக்குறுதிகளை ஒன்று விடாமல் குறித்துவைத்து, எந்தத் துறையிடம் பதில் இருக்கிறது என்று தேடி, சில வாரங்களுக்குள் கடிதமாக அனுப்ப வைப்பதும் இயக்குநரின் பொறுப்பு. வெளியில் யாருக்கும் தெரியாத வேலை. ஆனால் அடுத்த முறை அந்த உறுப்பினர் ஒரு மசோதா எழுதும்போது முன்கூட்டியே கூப்பிடுவாரா இல்லையா என்பதை அந்தக் கடிதம்தான் தீர்மானிக்கிறது.

எண் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். கைதான நேரத்துக்கும் கடைசித் தீர்ப்புக்கும் நடுவே எத்தனை நாள் ஆகிறது என்று காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை வேண்டும் என்று ஒரு மசோதா வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்க எளிது. ஆனால் கைது நேரம் போலீசிடம், ஒரு கைது எண்ணின் கீழ் இருக்கிறது. தீர்ப்புத் தேதி மாநில நீதிமன்ற நிர்வாகத்திடம், வழக்கு எண்ணின் கீழ். ஆளை அடையாளம் காட்டும் எண் மாநிலத்தின் கைரேகைப் பதிவில். சிறையில் இருந்த நாட்கள் நகரச் சிறைத்துறையிடம் வேறொரு எண்ணின் கீழ். இவற்றைக் கோர்க்க வேண்டும். வழக்கு தள்ளுபடியானால் மாநிலச் சட்டப்படி பதிவுகளைப் பிறர் பார்க்க முடியாதபடி முத்திரை வைத்துவிடுகிறார்கள். அதாவது மிக நீளமாக இழுத்துக் கடைசியில் ஒன்றும் இல்லாமல் போன வழக்குகளே கணக்கிலிருந்து மறையக்கூடும். இதை மசோதா எழுதும் கட்டத்திலேயே உட்கார்ந்து விளக்கினால், தகவலைப் பெயரில்லாமல் தொகுத்து வாங்க நீதிமன்ற நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போடலாம், அறிக்கைக்கு நியாயமான கெடு வைக்கலாம். சட்டம் வந்த பிறகு விளக்கினால் அது சாக்குப்போக்காகத்தான் ஒலிக்கும்.

பணம் விஷயத்தில் நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது, வயது வரம்பை உயர்த்திய சட்டம். 2017 வரை 16, 17 வயதுப் பிள்ளைகளைத் தானாகவே பெரியவர்களாகக் கருதி வழக்கு நடத்திய மாநிலங்கள் அமெரிக்காவில் இரண்டே இரண்டு: நியூயார்க்கும் வட கரோலினாவும். காலீஃப் பிரவுடர் என்ற சிறுவன் ஒரு முதுகுப்பையைத் திருடியதாகச் சொல்லி 2010-ல் 16 வயதில் கைதாகி, விசாரணையே நடக்காமல் 3 ஆண்டுகள் ரைக்கர்ஸில் கிடந்தான். அதில் பெரும்பகுதி தனிமைச் சிறை. வழக்கு கைவிடப்பட்டு வெளியே வந்தவன் 2015-ல் உயிரை மாய்த்துக்கொண்டான். அந்தச் சாவு பலருடைய மனசாட்சியை அசைத்தது. 2017 ஏப்ரலில் மாநிலம் சட்டத்தை மாற்றியது: 2018 அக்டோபர் 1 முதல் 16 வயதினருக்கும், அடுத்த ஆண்டு அதே நாள் முதல் 17 வயதினருக்கும் புது முறை. ரைக்கர்ஸில் இருக்கும் 18 வயதுக்குக் குறைந்த எல்லாரையும் முதல் கெடுவுக்குள் நகரம் வெளியே கொண்டுவர வேண்டும். நகரம் செய்தது, பிராங்ஸில் உள்ள ஹொரைசன் சிறார் மையத்துக்கு மாற்றியது. சரி, செலவு? சொத்து வரி உயர்வுக்கான உச்சவரம்பைக் கடைப்பிடிக்கும் உள்ளாட்சிகளுக்கு மாநிலம் பணம் தரும் என்று சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. நியூயார்க் நகரம் அந்த உச்சவரம்புக்குள்ளேயே வராது. ஆக, மாநிலத்தில் இந்தச் சட்டம் அதிகம் பாதித்த நகரத்துக்கு அந்த நிதி கிடைக்கவில்லை. சட்டம் அருமையான சட்டம், நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதனாலேயே அந்த நிபந்தனை உறுத்துகிறது. மசோதாவை வாசிக்கும்போது, பணம் யாருக்கு, எந்த நிபந்தனையில் என்ற பத்தியைத்தான் முதலில் தேட வேண்டும்.

அடுத்தது, ஆதாரங்களை எதிர்த்தரப்புக்குக் கொடுக்கும் சட்டம், அங்கே டிஸ்கவரி என்பார்கள். பழைய முறையில் அரசுத் தரப்பு பல ஆதாரங்களை விசாரணை தொடங்கும் வரை கையில் வைத்துக்கொள்ளலாம். என்ன சாட்சியம் இருக்கிறது என்றே தெரியாமல் குற்றத்தை ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டும். அதைக் கண்கட்டுச் சட்டம் என்றே வக்கீல்கள் அழைத்தார்கள். 2020 ஜனவரி 1-ல் அது மாறியது. காவலில் இருப்பவருக்கு 20 நாள், வெளியே இருப்பவருக்கு 35 நாள் என்று சீக்கிரமே கெடுவும் திருத்தப்பட்டது. கொடுத்து முடித்தேன் என்ற சான்றிதழைத் தாக்கல் செய்யாமல் அரசுத் தரப்பு விசாரணைக்குத் தயார் என்று சொல்ல முடியாது. விரைவு விசாரணைக்கான காலம் தாண்டினால் வழக்கு தள்ளுபடி.

இங்கேதான் கயிறுகள் ஒன்றோடொன்று சிக்கின. கெடு மாவட்ட வழக்கறிஞருக்கு. ஆனால் போலீஸ் உடையில் பொருத்திய கேமரா வீடியோ, குறிப்பேடு, அவசர அழைப்புப் பதிவு, ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு எல்லாம் மேயரின் போலீஸ் துறையிடம். ஆள், கணினி, சேமிப்பிடம் ஆகியவற்றுக்குப் பணம் நகர பட்ஜெட்டில். வாங்கிப் பார்த்துப் படிக்க எதிர்த்தரப்பு அமைப்புகளுக்கும் ஆள் வேண்டும், அதுவும் நகர ஒப்பந்தத்தில்தான். தள்ளுபடிகள் பெருகின. அரசுத் தரப்பு சட்டத்தைக் குறை சொன்னது, எதிர்த்தரப்பு வக்கீல்கள் போலீஸ் கோப்புகள் தாமதமாக வருவதைக் காட்டினார்கள். 2025-ல் கவர்னர் ஹோக்குல் இந்தச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று நின்றதால் மாநில பட்ஜெட்டே மே மாதம் வரை இழுத்தது; கடைசியில் சில தளர்வுகளோடு முடிந்தது. இந்தச் சண்டையில் மேயர் அலுவலக இயக்குநர் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். மேயரின் நிலைப்பாடுதான் அவர் வெளியில் சொல்லும் நிலைப்பாடு. ஆனால் சட்டத்தை மாற்றாமலேயே, போலீசின் கணினியிலிருந்து வழக்கறிஞரின் கணினிக்குக் கோப்பு நேராகப் போக வழி செய்தால் எத்தனை வழக்கு பிழைக்கும் என்ற கேள்வியை மேயரின் மேஜையில் வைப்பது அவர் கடமை. ஆல்பனியில் சண்டை போடுவது கண்ணுக்குத் தெரிகிற வேலை. பக்கத்து மாடியில் உள்ள துறையோடு உட்கார்ந்து ஒரு கோப்பு வழியைச் சீர்செய்வதுதான் பல நேரம் மனிதர்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புகிறது.

ரைக்கர்ஸை மூடும் திட்டம் இதையெல்லாம் ஒரே இடத்தில் காட்டும். 2017-ல் மேயர் டி பிளாசியோ மூடுவதாக அறிவித்தார். 4 பகுதிகளில் சிறு சிறைகள் கட்ட நில அனுமதி கவுன்சிலிடம் வேண்டும். 2019 அக்டோபரில் 36-க்கு 13 என்று கிடைத்தது. வரைபவருக்கும் கட்டுபவருக்கும் ஒரே ஒப்பந்தம் போடுவதற்கு மாநிலச் சட்டம் தேவை. 2018-லேயே ஆல்பனியில் வாங்கியிருந்தார்கள். சிறைத் தரத்தைப் பார்ப்பது மாநிலச் சிறை ஆணையம். உள்ளே நடக்கும் வன்முறை பற்றிய வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்தில். 2015 முதல் கண்காணிப்பாளர் இருக்கிறார், 2024 நவம்பரில் நகரம் நீதிமன்ற அவமதிப்புக்கு ஆளானது. புதிய சிறைகளின் மதிப்பீடு சுமார் 870 கோடி டாலரிலிருந்து 1,500 கோடியைத் தாண்டிவிட்டது. 2027 ஆகஸ்ட் 31-க்குள் மூட வேண்டும் என்பது நகரச் சட்டம், அதற்குள் கட்டி முடிக்க வழியில்லை.

திட்டம் நின்றது, சிறையில் தினமும் சுமார் 3,300 பேர்தான் இருப்பார்கள் என்ற கணக்கின் மேல். 2020 ஏப்ரலில் 4,000-க்குக் கீழே இறங்கிய எண்ணிக்கை, 2025-ல் 7,000-ஐத் தொட்டது. இவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்கள் இல்லை, வழக்கு முடியக் காத்திருப்பவர்கள். வழக்கு எவ்வளவு வேகமாக நகரும் என்பது மாநில நீதிமன்றத்தின் கையில். 2025 பிப்ரவரியில் மாநிலச் சிறைக் காவலர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, தண்டனை பெற்று மாநிலச் சிறைக்குப் போக வேண்டியவர்களை மாநிலம் எடுத்துக்கொள்வதை நிறுத்தியது. அவர்கள் ரைக்கர்ஸிலேயே தங்கினார்கள். அந்தத் தகராறில் நகரத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனாலும் அன்று ஆல்பனிக்குப் போன் போட்டு, இன்று எத்தனை பேர், நாளை எத்தனை பேர் என்று சொல்லி, எப்போது எடுப்பீர்கள் என்று தேதி வாங்க யாராவது வேண்டும். அதற்கு முன்பே பழக்கமான குரலாக இருந்தால்தான் மறுமுனையில் எடுப்பார்கள்.

வாஷிங்டன் பக்கம் சுருக்கமாக. நீதித்துறை உதவி நிதிகளில் முக்கியமானது பர்ன் நிதி. 1988-ல் குயின்ஸில் ஒரு சாட்சியின் வீட்டுக்குக் காவல் இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்ட 22 வயது நியூயார்க் போலீஸ்காரர் எட்வர்ட் பர்னின் பெயர் அதற்கு. 2017-ல் அதே நிதிக்கு, குடியேற்றச் சட்ட அமலாக்கத்துக்கு ஒத்துழைக்க வேண்டும் என்ற நிபந்தனைகளைக் கூட்டாட்சி அரசு சேர்த்தது, நியூயார்க் வழக்குப் போட்டது, 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூட்டாட்சி அரசுக்குச் சாதகமாகச் சொன்னது. வேறு பகுதிகளின் நீதிமன்றங்கள் எதிர்மாறாகச் சொன்னன. மானியப் பத்திரத்தில் உள்ள நிபந்தனைகளை வரி வரியாக வாசிக்கும் பழக்கம் ஏன் வேண்டும் என்பதற்கு இதுவே போதும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. சட்டப் பட்டம் உதவும், கட்டாயமில்லை. மசோதாவை அச்சமில்லாமல் வாசிக்கத் தெரிய வேண்டும், பட்ஜெட் அட்டவணை புரிய வேண்டும், ஒரு பக்கத்துக்குள் எழுதத் தெரிய வேண்டும். படித்து முடித்த உடனே இயக்குநராக யாரும் எடுக்க மாட்டார்கள். கவுன்சிலின் குழுப் பணியாளர், சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளர், எதிர்த்தரப்பு வக்கீல் அமைப்பில் கொள்கை ஆய்வாளர் என்று எங்காவது சில ஆண்டுகள் இருந்து வருபவர்களே அதிகம். எதிர் மேஜையில் உட்கார்ந்து பார்த்தவருக்கு, அங்கே என்ன கேட்டால் எரிச்சல் வரும், எது கிடைத்தால் நிம்மதி வரும் என்று தெரியும். மேயரின் விருப்பப்படி நியமிக்கும் பதவி என்பதால் மேயர் மாறினால் வேலையும் போகலாம், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மேயரின் முடிவு உங்கள் மனதுக்கு ஒவ்வாத நாளும் வரும். உள்ளே முழுதாக வாதாடலாம், வெளியே மாற்றிப் பேச முடியாது. அது முடியாது என்று தோன்றினால் கொள்கை மாற்றத்துக்காக வெளியிலிருந்து குரல் கொடுக்கும் அமைப்புகளில் உங்களுக்கு இதைவிட நல்ல இடம் இருக்கிறது.

விண்ணப்பிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். கவுன்சிலின் குற்றவியல் நீதிக் குழு விசாரணை ஒன்றின் வீடியோ பொதுவில் கிடைக்கும், முழுதாகப் பாருங்கள். நிர்வாகத் தரப்பு பின்னர் பதில் தருவதாகச் சொன்ன கேள்விகளை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தத் துறையிடம் பதில் இருக்கும், அந்தத் துறை மேயருடையதா மாநிலத்துடையதா, கேட்டால் தருமா என்று பக்கத்திலேயே குறியுங்கள். நேர்காணலுக்கு அந்தக் காகிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.